காய்ச்சலுக்கு ஒரு செட்டு

வரிசையில் அவளுக்கு முன்னால் ஐந்து பேர் நின்றார்கள். ஐந்து பேரும் என்ன கேட்கப் போகிறார்கள் என்று தமயந்திக்குத் தெரியும், பத்து வருஷமாக அவளும் இதே இடத்தில் நின்று கேட்டதுதான்: காய்ச்சலுக்கு ஒரு செட்டு, சளிக்கு ஒரு செட்டு, வயிற்றுப்போக்குக்கு ஒரு செட்டு. நாச்சிமுத்துவின் மருந்துக் கடையில் டாக்டர் சீட்டு கேட்கிற வழக்கமே கிடையாது. கம்பெனியில் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் விடுவார்கள், அந்த ஒரு மணி நேரத்தில் எந்த டாக்டரைப் போய்ப் பார்ப்பது, திருப்பூரில் பனியன் தைக்கிற ஜனங்களுக்கு உடம்பு சரியில்லாமல் போவதும் கம்பெனி சைரனைக் கேட்டுத்தான். நாச்சிமுத்து கத்தரிக்கோலை எடுப்பார். ஒரு அட்டையிலிருந்து சிவப்புக் கேப்சூல் ஒன்று, இன்னொன்றிலிருந்து வெள்ளை ஒன்று, இன்னொன்றிலிருந்து பாதி மஞ்சள், வயிறு எரியாமலிருக்கக் குட்டியாக ஒன்று. கறக், கறக். பெயர் அச்சடித்த துண்டு அட்டையோடு நின்றுவிடும், மாத்திரை மட்டும் காகிதக் கவருக்குள் போய் விழும். மூணு வேளைக்குப் போட்டா நாளைக்கு மிசின்ல உக்காரலாம், போ கண்ணு. அவ்வளவுதான் அவர் வைத்தியம். அதற்கே வடக்கேயிருந்து வந்த பெண்கள் அவரை அண்ணன் முறை வைத்து டாக்டர் பையா என்கிறார்கள், உள்ளூர்க்காரர்கள் கைராசிக்காரர் என்கிறார்கள். சொல்லட்டும், இன்னும் ஐந்து பேர்தானே. சாப்பாட்டுப் போசியைத் திறக்காமலே மிசின் அடியில் தள்ளிவிட்டு வந்திருந்தாள் தமயந்தி. தோளில் தொங்கிய துணிப்பையை முன்பக்கமாக இழுத்து அணைத்துக்கொண்டாள். உள்ளே பிளாஸ்டிக் கவரில் அந்த ரிப்போர்ட் இருந்தது. அதை இந்தக் கண்ணாடி மேசையில் போட்டு இந்த ஆளை நாலு பேர் முன்னால் நாறடிப்பதற்கு நாற்பத்தோரு நாள் காத்திருந்தாள், ஐந்து பேர் போகிறவரை காத்திருக்க முடியாதா என்ன.

ரிப்போர்ட்டில் பதினெட்டு மருந்துகளின் பெயர் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே ஒரு இங்கிலீஷ் எழுத்து. எஸ் என்றால் மருந்து கேட்கும், ஆர் என்றால் கேட்காது. பதினாறு ஆர். பள்ளிக்கூடத்தில் அவள் இங்கிலீஷ் படித்தது எட்டாவது வரை, ஆனால் ஆர் என்ற எழுத்தை இனி செத்தாலும் மறக்கமாட்டாள், ஒரு காலை நீட்டிக்கொண்டு திமிராக நிற்கிற எழுத்து. மீதி இரண்டில் ஒன்றை அவள் புருஷனின் கிட்னி தாங்காது என்றார்கள், இன்னொன்றைப் போட்டார்கள், அதற்குள் காலம் கடந்துபோயிருந்தது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் பதினோரு நாள் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் சென்னியப்பன், கட்டிங் மாஸ்டர், நூற்றிருபது பிளை அடுக்கிய துணியை ஒரே வீச்சில் அறுத்தால் ஒரு நூல்கூடப் பிசகாது, அந்தக் கை வீங்கி மோதிரத்தைக் கட்டர் வைத்து வெட்டி எடுத்தார்கள். வந்தது என்ன பெரிய வியாதியா, ஒண்ணுக்குப் போனால் எரிச்சல், அவ்வளவுதான், ஊர் உலகத்தில் யாருக்கு வராதது. மூக்குத்தி போட்ட அந்த டாக்டரம்மா, சின்னப் பெண், கண்ணெல்லாம் தூக்கத்துக்கு ஏங்கிக்கொண்டு, அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னாள். “சாதாரணக் கிருமிதாம்மா. ஆனா மருந்தெல்லாம் அதுக்குப் பழகிப்போச்சு. ரெண்டு நாள் போட்டு நிறுத்தினா அதுல பலவீனமானதுதான் சாகும். பலமானது மிஞ்சிரும். மிஞ்சினது பெருகும், பக்கத்துல இருக்கறவங்களுக்கும் போகும். அடுத்த தடவை அந்த மருந்துக்கு அது மசியாது.” தமயந்தி கேட்டாள், என்ன கேட்கிறோம் என்று தெரியாமலே கேட்டாள், “அதுக்கும் வஞ்சம் இருக்குமுங்களா?” டாக்டரம்மா சிரிக்கவில்லை. “அதுக்கு ஒண்ணுமே தெரியாதும்மா. வாழணும், அவ்வளவுதான்.” அதற்கு இல்லாவிட்டால் போகட்டும், எனக்கு இருக்கிறது என்று அப்போதே நினைத்தாள். முழுசாகக் கொல்லாமல் விட்டதில் மிஞ்சியவள் நான். பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்களெல்லாம் பஸ் ஏறிப்போன பிறகும் அவளுக்கு அழுகை வரவில்லை. வந்தது நாச்சிமுத்துவின் முகம்தான், நெற்றியில் சந்தனமும் சட்டைப்பையில் பேனாவுமாக. மோர் குடித்தால் அந்த முகம், மிசினில் ஊசி கோத்தால் அந்த முகம்.

இப்போது நான்கு பேர். பேச வேண்டியதை உதட்டுக்குள் இன்னொரு தடவை ஓட்டிப்பார்த்தாள். ஏனுங்ணா, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க, உங்களுக்குத்தான் மருந்துப் பேரெல்லாம் அத்துப்படியாச்சே. இப்படித்தான் மெதுவாக ஆரம்பிக்க வேண்டும், எடுத்ததும் கத்தினால் பொம்பளை புருசன் போன துக்கத்தில் உளறுகிறாள் என்று தண்ணீர் கொடுத்து உட்கார வைத்துவிடுவார்கள். அவர் கண்ணாடியை மாட்டுவார். முதல் வரியே அவருடைய சிவப்புக் கேப்சூல்தான், நிறம் சொல்லி டாக்டரம்மாவிடம் கேட்டு வைத்திருந்தாள். சத்தமாப் படிங்கண்ணா, எல்லாருக்கும் கேக்கட்டும். எதிரே என்ன போட்டிருக்குது? ஆர். அடுத்தது வெள்ளை. ஆர். அடுத்தது மஞ்சள், நீங்க பாதியா ஒடிச்சுக் குடுப்பீங்களே அது. ஆர். பதினெட்டையும் அவர் வாயாலேயே படிக்க வைக்க வேண்டும், படிக்கப் படிக்க அந்த முகத்தில் சந்தனம் வியர்வையில் கரைந்து இறங்க வேண்டும், வரிசையில் நிற்கிறவர்கள் கையிலிருக்கும் கவரைக் கீழே போட வேண்டும். கைராசிக்காரராம். அந்தக் கையை எல்லோரும் பார்க்கட்டும். அவர் திருப்பிக் கேட்டால்? நான் மூணு வேளைக்குக் குடுத்தேன் அம்மிணி, மூணு வேளையும் போட்டாரா உன்ற வீட்டுக்காரரு, இல்ல ஒரு வேளை போட்டுட்டு மீதிய நீ எடுத்து டப்பாவுல போட்டு… இல்லை. கேட்கமாட்டார். டப்பாவைப் பற்றி அவருக்கு என்ன தெரியும். யாருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாதா, அவள் குடியிருக்கிற லைன் வீட்டில் ஆறு குடும்பத்துக்கும் தெரியும், ஆனால் அவர்களுக்கு அதில் தப்பாக ஒன்றும் தெரியாது. டப்பா கிடக்கட்டும். முதல் வரி சிவப்புக் கேப்சூல், எதிரே ஆர்.

ஒடிசாக்காரப் பெண் ஒருத்தி தொண்டையைத் தொட்டுக்காட்டி, “பையா, புகார், ஏக் செட்டு” என்றாள், காய்ச்சலைத்தான் அவர்கள் அப்படிச் சொல்வார்கள். நாச்சிமுத்து அட்டையை எடுத்தார். கறக் என்று வர வேண்டிய சத்தம் வரவில்லை. கற்… க் என்று இடையில் தயங்கி, கத்தரி வழுக்கி, மறுபடி வெட்டியது. பதினெட்டு வருஷம் கட்டிங் மாஸ்டரோடு குடித்தனம் நடத்தியவளுக்குக் கத்தரி போகிற சத்தத்தில் பிசகு இருந்தால் கண்ணை மூடிக்கொண்டே தெரியும். எட்டிப் பார்த்தாள். இடது கையால் வெட்டிக்கொண்டிருந்தார். வலது கைக் கட்டைவிரலில் உள்ளங்கை வரை துணி சுற்றியிருந்தது, துணியின் ஓரம் மஞ்சளாக நனைந்து காய்ந்திருந்தது. முன்னால் நின்ற கிழவர் ஒருவர், “ஏனுங், கைல என்னாச்சு?” என்றார். “கத்தரி பட்டுருச்சுங், பத்து நாளாச்சு. நம்ம கடைல இல்லாத மருந்தா? மூணு தினுசு மாத்தி மாத்திப் போட்டுட்டேன், ஊசியும் போட்டாச்சு. ரெண்டு நாள்ல ஆறிரும்” என்று சிரித்தார் நாச்சிமுத்து. சிரித்தபோது சட்டைக் கை மேலே ஏறியது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சிவப்பாக ஒரு கோடு ஓடியிருந்தது, துணியில் சாக்பீஸால் கோடு போட்ட மாதிரி நேராக. கடைக்குள் ஃபேன் ஓடவில்லை. பங்குனி வெயில் மண்டையைப் பிளக்கிற மத்தியானத்தில், தகரக் கூரைக்குக் கீழே, ஃபேனை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறார் மனுஷன். ஃபேனை நிறுத்து தமயா, குளுருது. யார் சொன்னது? சென்னியப்பன் சொன்னது. அதற்கு அடுத்த நாள் ஆம்புலன்ஸ் வந்தது.  தனக்கு வந்திருப்பது பயமா என்று தமயந்தி பார்த்தாள், பயம் இல்லை. சந்தோஷம். நாற்பத்தோரு நாளில் முதல் தடவையாக வந்த சந்தோஷம், அதை அடையாளம் கண்டுகொள்ளவே அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

சொல்லவே வேண்டியதில்லை. ரிப்போர்ட்டை எடுக்கவும் வேண்டாம், சத்தம் போடவும் வேண்டாம், வாயை மூடிக்கொண்டு திரும்பிப் போனாலே போதும். நாளைக்கு இன்னொரு தினுசு மாத்திரை போடுவார். நாளன்றைக்கு நடுக்கம் வரும். அவர் பெண்டாட்டி, வெள்ளிக்கிழமைதோறும் கடைக்குச் சாம்பிராணி போட வருகிற அந்த அம்மாள், ஒரு போர்வை போதாமல் இரண்டு போர்வை போர்த்துவாள். பிறகு அந்தக் கண்ணாடிக் கதவு. பிறகு நீட்டுகிற காகிதத்திலெல்லாம் கையெழுத்து. எதற்குக் கையெழுத்து என்று அவளும் படிக்காமல் போடட்டும். அவளிடமும் யாராவது வந்து ஆர் என்றால் என்ன என்று சொல்லிக்கொடுக்கட்டும்.  அவர் செய்ததே அவர்மேல் ஏறியிருக்கிறது, நான் தொடக்கூட இல்லை. கிழவர் வாங்கிக்கொண்டு போனார். இன்னும் இரண்டு பேர். எரிச்சலாக இருக்கிறது, ஜி.எச்.சுக்குப் போகலாமா தமயா. சென்னியப்பன் குரல், இது எங்கிருந்து வந்தது இப்போது. ஒரு நாள்தானே, ஒரு நாள் லீவு போட்டுட்டுப் போலாமா. சிப்மெண்ட் இருக்குதுங்க, சரக்கு கப்பலேறோணும், இந்த வாரம் லீவு போட்டா மாஸ்டர் வேலைய வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க, ரெண்டு நாள் பொறுங்க, டப்பாவுல மாத்திரை இருக்குது. அவள் சொன்னாள். அவளேதான் சொன்னாள், தலையணைக்குக் கீழே கை வைத்துக்கொண்டு ஒருக்களித்துப் படுத்திருந்த மனுஷனிடம், டப்பாவைத் திறந்துகொண்டே சொன்னாள். பழைய பிஸ்கட் டப்பா, மூடியில் ரோஜாப்பூ. காய்ச்சல் விட்டதும் மீதி மாத்திரையை எறிவார்களா என்ன, அதில் போட்டு வைப்பாள். சிவப்பு ஒரு பக்கம், வெள்ளை ஒரு பக்கம். லைன் வீட்டில் யாருக்கு முடியாமல் போனாலும் தமயந்தியக்காவிடம்தான் வருவார்கள், அவளும் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றோ இரண்டோ எடுத்துக் கொடுப்பாள், அதில் அவளுக்கு என்ன பெருமை. ஒரு செட்டை இரண்டு வீட்டுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறாள். இரண்டு நாள் இவருக்கு, எரிச்சல் அடங்கியதும் நிறுத்தி, மீதியை அடுத்த வீட்டு வசந்தாமணிக்கு. மறுமாதம் மறுபடி எரிச்சல், மறுபடி டப்பா. மூன்றாவது தடவை மருந்து கேட்கவில்லை. கத்தரி அவர் கையில் இருந்தது, டப்பா? டப்பா இன்னும் அலமாரியில் இருக்கிறது. நாற்பத்தோரு நாளாக அவள் அந்த அலமாரியின் கீழ்த்தட்டைத் திறக்கவில்லை, உப்பு தீர்ந்தபோதுகூட உள்ளேயிருந்த பாக்கெட்டை எடுக்காமல் கடையில் வாங்கினாள். இல்லை, இந்த ஆள்தான். இந்த ஆள் வெட்டிக் கொடுக்காவிட்டால் டப்பாவுக்கு எங்கிருந்து வரும். இந்த ஆள் செத்தால் எல்லாம் சரியாகிவிடும்.

“என்ன அம்மிணி, உனக்கா மேலுக்கு முடியல?” நாச்சிமுத்து கேட்டார். அவள் முறை வந்துவிட்டிருந்தது. பக்கத்தில் பார்க்க அவர் கண் பளபளவென்று இருந்தது, உதடு வெடித்திருந்தது. “மாஸ்டர் போனதுக்கு வரோணும்னு இருந்தேன், கடைய விட்டுட்டு வர முடியல. கிட்னிங்கறாங்க. தங்கமான மனுசன்.” அந்த வார்த்தைக்கு அவர் கன்னத்தில் அறைந்திருக்கலாம். அறையவில்லை. கட்டுப் போட்ட கையை ஒரு தடவை பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள், கிட்டத்தில் அது முழங்கையையும் தாண்டியிருந்தது. “ஒண்ணுமில்லீங்ணா” என்றாள். ஒண்ணுமில்லை என்று சொல்வது எவ்வளவு சுலபமாக இருந்தது. வரிசையை விட்டு விலகி, வெயிலில் இறங்கி, நிழலே இல்லாத ரோட்டில் நாலு எட்டு வைத்தாள். போகட்டும், நடுங்கிச் சாகட்டும். வரிசையின் கடைசியில் யாரோ முந்தானையைப் பிடித்து இழுத்தார்கள். வசந்தாமணி. “ஏனுங்க்கா, உங்களப் பாத்திருந்தா உங்ககிட்டயே வாங்கிருப்பனே, இந்த வரிசைல எதுக்கு நிக்கறேன். டப்பாவுல மிச்சம் ஏதாச்சும் இருக்குதுங்களா?” என்றவள், குரலை இறக்கிக்கொண்டு, “மூணு நாளாச்சுங்க்கா. ஒண்ணுக்குப் போனா எரியுது. போன தடவை நீங்க குடுத்தீங்கல்ல, அது போட்டேன், கேக்கவே மாட்டேங்குது” என்றாள். ஆறு வீட்டுக்கும் ஒரே கக்கூஸ், ஒரே தண்ணீர்த் தொட்டி, ஒரே டப்பா. தமயந்திக்குக் காது அடைத்துக்கொண்டது. கம்பெனிச் சுவர், ரோடு, வசந்தாமணியின் வாய், எல்லாம் சத்தமில்லாமல் அசைந்தன. அந்த ஆள் செத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதானே நினைத்தாள். ஒன்றும் சரியாகாது. அந்த ஆள் செத்துப்போனால் திட்டுவதற்கு யார் இருக்கிறார்கள், மோர் குடிக்கும்போதும் ஊசி கோர்க்கும்போதும் யார் முகம் வரும்? அவள் முகம் வரும். மூடியில் ரோஜாப்பூ போட்ட டப்பாவைத் திறந்துகொண்டு, ரெண்டு நாள் பொறுங்க என்று சொல்கிற அவள் முகம். அவர் போய்விட்டால் மிஞ்சப் போவது அது மட்டும்தான், அதைத் தன்னால் தாங்க முடியாது என்று அவளுக்கு அந்த வெயிலில் நன்றாகத் தெரிந்தது.

திரும்பி வந்தாள். வரிசையை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தாள், யாரோ “வரிசைல வாக்கா” என்று கத்தினார்கள். ரிப்போர்ட்டை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் அறைந்து வைத்தாள். “படிங்க” என்றாள். பழகிவைத்த பேச்சு ஒரு வார்த்தைகூட வரவில்லை. நாச்சிமுத்து கண்ணாடியை மாட்டி, முதல் வரியைப் பார்த்தார், இரண்டாவதைப் பார்த்தார், பிறகு விரல் கடகடவென்று கீழே இறங்கியது. படிக்கத் தெரிந்தவர், அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கடைசி வரிக்கு வந்ததும் மேலே போய்ப் பெயரைப் பார்த்தார், சென்னியப்பன், வயது நாற்பத்தெட்டு. நிமிர்ந்தபோது முகத்தில் ரத்தம் இல்லை. அவள் எதிர்பார்த்த மாதிரியேதான் இருந்தது அந்த முகம், ஆனால் அவர் ரிப்போர்ட்டைப் பார்க்கவில்லை, தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “கோயமுத்தூர் போங்க, இன்னைக்கே போங்க” என்றாள் தமயந்தி. “இது மாதிரி ஒரு டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க. இன்னொரு மாத்திரை போட்டீங்கன்னா நாளன்னிக்கு உங்க வீட்டுக்காரி கையெழுத்துப் போட்டுட்டு நிப்பா.” “அம்மிணி, நான் வேணும்னு…” “பேசாதீங்க. நீங்க பொழச்சு வரோணும். பொழச்சு வந்து இந்த நாக்காலில உக்காரோணும். உங்களை நான் இன்னும் விடலீங்ணா.” அவள் குரல் கிரீச்சென்று உடைந்தது. நாச்சிமுத்து மெல்ல எழுந்தார். இடது கையால் ஷட்டரின் கம்பியை எட்டிப் பிடித்தார், ஒரு கையால் முடியவில்லை, முன்னால் நின்றவன் ஒருவன் என்ன ஏது என்று தெரியாமலே இழுத்துவிட்டான். கடை மூடியதும் வரிசை முழுக்க அவளைத் திட்டியது. மனுஷங்க காய்ச்சலோட நிக்கறாங்க, இவளுக்கு இப்பத்தான் சண்டை போடறதுக்கு நேரமா, ரெண்டு மணிக்கு உள்ள போகோணும், இனி எங்க போய் வாங்கறது. நல்லா திட்டட்டும் என்று அவள் நின்றாள். வசந்தாமணி மட்டும் கிட்டே வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், “விடுங்க்கா. டப்பாவுல ரெண்டாச்சும் இருக்குமில்ல?” என்றாள். இருந்தது. சிவப்பு நாலு, வெள்ளை ஏழு, திறக்காமலே தெரியும். “இல்ல” என்றாள் தமயந்தி. பத்து வருஷத்தில் அந்த லைன் வீட்டில் அவள் சொன்ன முதல் இல்லை. கம்பெனி சைரன் ஊதியது, ஜனங்கள் ஓட ஆரம்பித்தார்கள், வசந்தாமணியும் ஓடப் பார்த்தாள். தமயந்தி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள், வளையல் அழுந்தும்படி பிடித்தாள். “நட, ஜி.எச்.சுக்கு.” “ஐயோ, சிப்மெண்ட்டுங்க்கா, லீவு சொல்லலியே.” “நட” என்றாள், கையை விடவில்லை. “கை வலிக்குதுங்க்கா” என்றாள் வசந்தாமணி. வலிக்கட்டும் என்று தமயந்தி அவளை பஸ் ஸ்டாப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.